முதல் நாவலுக்கு ஒரு ஃபோல்டர்: குறிப்பிலிருந்து கைப்பிரதி வரை

நாவல் எழுதத் தொடங்குகிறவர்களிடம் குறிப்புகளுக்குப் பஞ்சமே இருக்காது. பஸ்ஸில் தோன்றிய வசனம் வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிய செய்தியாகக் கிடக்கும். பெரியப்பா சொன்ன பழைய கதை போனில் குரல்பதிவாக இருக்கும். முதல் அத்தியாயம் கூகுள் டாக்ஸில், அதன் இன்னொரு வடிவம் மெயிலில், பாத்திரங்களின் பெயர்கள் ஏதோ ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில். சிறுகதை என்றால் இதை வைத்துக்கொண்டே முடித்துவிடலாம், முழுக்கதையும் தலைக்குள் நிற்கும். நாவல் அப்படி நிற்காது. எண்பதாம் பக்கம் எழுதும்போது, பன்னிரண்டாம் பக்கத்தில் அத்தைக்கு எத்தனை பிள்ளைகள் என்று சொன்னோம் என்பது மறந்துபோகும். தேடித் தேடிச் சலித்து, நல்ல கதை கையில் இருந்தும் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

இதற்கு இலவசமாகக் கிடைக்கும் கருவிகளே போதும். ஒரு ஆண்ட்ராய்டு போன், அவ்வப்போது உட்கார ஒரு கம்ப்யூட்டர், ஒரு கூகுள் கணக்கு. விளக்குவதற்கு வசதியாக ஒரு நாவலைக் கற்பனை செய்துகொள்வோம். தனுஷ்கோடி ரயில் நிலையத்தில் போர்ட்டராக வேலை பார்த்த முருகனின் மகள் பாக்கியம், 1952-இல் பிறந்தவள். 1964 புயலில் ஊரை இழந்து ராமேஸ்வரத்துக்கு வருகிறாள். அவளுடைய முதுமை வரை கதை போகிறது.

முதலில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டுங்கள்

கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் திறங்கள். நாவலுக்குத் தலைப்பு முடிவாகாவிட்டால் 'தனுஷ்கோடி நாவல்' என்று வைத்தாலே போதும். அதற்குள் 'சரக்கு' என்ற பெயரில் ஒரே ஒரு டாக்ஸ் ஃபைல். வாட்ஸ்அப் செய்திகள், மெயில்கள், பாதி எழுதிய பத்திகள் எல்லாவற்றையும் நகலெடுத்து அதில் ஒட்டுங்கள். நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். குரல்பதிவுகளையும் அங்கேயே போட்டு, எதில் என்ன இருக்கிறது என்று 'சரக்கு' ஃபைலில் ஒரு வரி எழுதிவையுங்கள். இந்தக் கட்டத்தில் எதையும் வகை பிரிக்க வேண்டாம், எதையும் தூக்கியெறியவும் வேண்டாம்.

கையெழுத்துப் பக்கங்களைத் தட்டச்சு செய்யச் சோம்பலாக இருந்தால் வாசித்தே ஏற்றலாம். கூகுள் டாக்ஸில் டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் இருக்கிறது. குரோம் பிரவுசரில் திறந்து மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். போனில் ஜிபோர்டு விசைப்பலகையின் மைக் பொத்தானும் இதே வேலையைச் செய்யும். நிறுத்தக்குறிகளை அப்புறம் நீங்களே போட வேண்டிவரும். வட்டார வழக்குப் பேச்சை அது சரியாகப் பிடிப்பதில்லை, எனவே வசனங்களைக் கையால் தட்டுவதே நல்லது.

இனிமேல் புதிதாகத் தோன்றும் எதுவும் ஓரிடத்துக்குத்தான் போக வேண்டும். போனில் கூகுள் கீப் என்ற குறிப்பெடுக்கும் செயலியில் ஒரே ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அதிலிருப்பதை 'சரக்கு' ஃபைலுக்கு மாற்றிவிட்டு, கீப்பைக் காலி செய்யுங்கள்.

கதையைக் காட்சிகளாக உடையுங்கள்

நான் சொல்வதில் வேறு எதைக் கைவிட்டாலும் இதை மட்டும் கைவிடாதீர்கள். நாவலின் அலகு காட்சி. அத்தியாயத்தை அலகாக வைத்துத் திட்டம் போட்டால் 'அத்தியாயம் 4: பாக்கியத்தின் கஷ்டங்கள்' என்பது போலத்தான் எழுதத் தோன்றும். அதை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் உட்கார்ந்து ஒரு வரிகூட எழுத முடியாது. காட்சி என்றால் ஓர் இடம், ஒரு நேரம், சில மனிதர்கள். முடியும்போது ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும்.

இதற்கு டிரெல்லோ நன்றாகப் பொருந்தும். குறிப்பு அட்டைகளை வரிசை வரிசையாக அடுக்கிவைக்கும் இணையக் கருவி அது. 2011 முதல் இருக்கிறது, போனிலும் ஓடும், ஒரு நாவலுக்கு அதன் இலவசக் கணக்கே தாராளம். ஒரு போர்டு திறந்து, நாவலின் பகுதிகளை லிஸ்ட்டுகளாக வையுங்கள். நம் நாவலுக்கு 'தனுஷ்கோடி', 'ராமேஸ்வரம்', 'பாலம் வந்த பிறகு' என்று மூன்று. நான்காவதாக 'இடம் தெரியாதவை' என்று ஒன்று. இந்த நான்காவது லிஸ்ட் முக்கியம். மனதில் பளிச்சென்று தெரிகிற ஒரு காட்சி கதையில் எங்கே வரும் என்று தெரியாவிட்டாலும் அங்கே உட்கார்ந்திருக்கும், தொலைந்துபோகாது.

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு அட்டை. அட்டையின் தலைப்பு உங்களுக்குப் பார்த்ததும் புரிகிற மாதிரி இருந்தால் போதும். உள்ளே நான்கைந்து வரி:

அலை ஏறிய இரவு.
1964 டிசம்பர் 22, செவ்வாய், இரவு. தனுஷ்கோடி.
பாக்கியத்தின் பார்வையில். வயது 12.
ஸ்டேஷனுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அம்மாவும் பாக்கியமும் வீட்டை விட்டு மேட்டுக்கு ஓடுகிறார்கள்.
பாக்கியத்துக்குத் தெரியாதது: அப்பா அன்று வேலைக்கே போகவில்லை.

கடைசி வரியைக் கவனியுங்கள். காட்சியில் இருப்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை எழுதிவைப்பவர்கள் குறைவு. எழுதிவைத்தால் நாவலின் பாதிச் சிக்கல்கள் திட்டத்திலேயே தீர்ந்துவிடும். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை என்பது பாக்கியத்துக்கு எந்த அட்டையில் தெரியவருகிறது? அந்த அட்டைக்கு முன்னால் வருகிற எதிலும் அவள் அதைத் தெரிந்தவளாகப் பேசக்கூடாது. கைப்பிரதியைப் புரட்டி இதைச் சரிபார்க்க ஒரு நாள் ஆகும். அட்டைகளில் ஐந்து நிமிடம்.

டிரெல்லோவில் அட்டைகளுக்கு வண்ணப் பட்டை ஒட்டலாம். யாருடைய பார்வையில் காட்சி நடக்கிறதோ அவருக்கு ஒரு நிறம் கொடுங்கள். பாக்கியத்துக்குப் பச்சை, அம்மாவுக்கு மஞ்சள் என்று வைத்தால், போர்டைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போதே இரண்டாம் பகுதியில் மஞ்சளே இல்லை என்பது தெரிந்துவிடும். அம்மாவை மறந்துவிட்டோமா, வேண்டுமென்றே விலக்கினோமா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

எத்தனை அட்டை வேண்டும் என்ற கவலை வேண்டாம். பதினைந்து இருந்தாலே எழுதத் தொடங்கிவிடலாம். மீதி எழுத எழுத வரும். எல்லா அட்டையும் நிரம்பிய பிறகுதான் எழுதுவேன் என்று காத்திருப்பவர்கள் அட்டைகளோடு நின்றுவிடுவார்கள்.

காலவரிசைக்கு ஒரு அட்டவணை

பல ஆண்டுகளில் நடக்கிற கதைக்கு கூகுள் ஷீட்ஸ் கட்டாயம் வேண்டும். 'காலம்' என்று ஒரு ஷீட் திறந்து இந்தப் பத்திகளை வையுங்கள்: வருடம், மாதம், நாள், பாக்கியத்தின் வயது, கதையில் நடப்பது, ஊரில் நடந்தது, எங்கிருந்து தெரிந்தது. தேதியை ஒரே கட்டத்தில் அடைக்காமல் வருடம், மாதம், நாள் என்று மூன்று எண்களாகப் பிரித்துவைத்தால் வரிசைப்படுத்துவது சுலபம். மாதம் தெரியாத நிகழ்ச்சிக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம். வயதுக் கட்டத்தில், வருடத்திலிருந்து 1952-ஐக் கழிக்கும் சூத்திரத்தை ஒருமுறை போட்டுக் கீழே இழுத்துவிட்டால், புதிதாகச் சேர்க்கிற ஒவ்வொரு வரியிலும் அவளுடைய வயது தெரியும். பிறந்த மாதத்தையும் முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வயது முன்பின்னாகும்.

'ஊரில் நடந்தது' என்ற பத்திதான் உங்கள் நாவலைக் காப்பாற்றும். நம் கதையை எடுத்துக்கொள்வோம். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் 22 இரவு புயல், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோன இரவு. அந்தப் புயலில் பாலமும் பலமாகச் சேதமானது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீரமைத்தார்கள். 1988-இல்தான் சாலைப் பாலம் திறந்தது. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம்.

இந்த ஐந்து வரிகளை அட்டவணையில் போட்டதும் கதை திருத்தம் கேட்க ஆரம்பிக்கும். 1965 ஜனவரி முதல் வாரத்தில் பாக்கியத்தை ரயிலேற்றி மதுரைச் சித்தி வீட்டுக்கு அனுப்பலாம் என்று நினைத்திருந்தால் அது நடக்காது, பாலம் உடைந்து கிடக்கிறது. அவள் படகில் எதிர்க்கரையிலுள்ள மண்டபம் ஊருக்குப் போக வேண்டும். புயலில் தப்பிய சிறுமி மறுபடி கடலில் ஏற வேண்டிய அந்தக் காட்சி, நீங்கள் முதலில் நினைத்ததைவிடப் பல மடங்கு வலுவானது. 1970-இல் அவள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மதுரையிலிருந்து நேராக பஸ்ஸில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்கவும் முடியாது. மண்டபத்தோடு சாலை முடிந்துவிடும், அங்கிருந்து ரயில்தான். வேன் பிடித்துக் குடும்பத்தோடு பாலம் தாண்டுகிற காட்சி வேண்டுமென்றால் அப்போது பாக்கியத்துக்குக் குறைந்தது 36 வயது.

சின்னச் சின்ன விஷயங்களுக்கும் இதே அட்டவணை உதவும். 1957 ஏப்ரலில் அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்தபோது பாக்கியத்துக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகும் பேச்சில் நாலணா, எட்டணா வெகுகாலம் நீடித்தது என்பதால், கடைக்காரர் வாயில் ஒரு கணக்கும் ரசீதில் ஒரு கணக்கும் வரலாம்.

'எங்கிருந்து தெரிந்தது' என்ற பத்தியை நிரப்பச் சோம்பல்படாதீர்கள். பழைய செய்தித்தாளா, மாவட்ட கெஜட்டியரா, ஊர்ப் பெரியவர் சொன்னதா என்று இரண்டு வார்த்தை போதும். பெரியவர் சொன்னதும் அச்சில் இருப்பதும் முரண்படும்போது எதை நம்புவது என்று யோசிக்க அது வேண்டும்.

பாத்திரங்களுக்குத் தனிப் பக்கம்

இதை நீட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் அரைப் பக்கம். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் தவறாமல் எழுதுங்கள். தமிழில் இது பெரிய விஷயம். பாக்கியம் தன் கணவரின் அண்ணனை 'அத்தான்' என்பாளா, 'மச்சான்' என்பாளா, 'பெரியவர்' என்று மூன்றாம் ஆள் மாதிரிச் சொல்வாளா? அம்மா அப்பாவை 'நீங்க' என்பாரா, 'ஏங்க' என்று மட்டும் கூப்பிடுவாரா? மூன்றாம் அத்தியாயத்தில் 'வா' என்றவள் பத்தாம் அத்தியாயத்தில் 'வாங்க' என்றால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்று வாசகர் நினைப்பார். நடந்திருந்தால் சரி.

கம்ப்யூட்டரில் ஓரளவு பழக்கம் உள்ளவர்கள் இதற்கு அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்திப் பார்க்கலாம். குறிப்புகளெல்லாம் உங்கள் கணினியிலேயே சாதாரண உரை ஃபைல்களாக இருக்கும். நாளைக்கே அந்த நிறுவனம் மூடிவிட்டாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அந்தப் பாத்திரத்தின் பக்கத்துக்கு இணைப்பு விழுந்துவிடும். தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும்போது, அடைப்புக்குள் 'பாக்கியம்' என்று எழுதி, ஒரு செங்குத்துக் கோடு போட்டு, 'பாக்கியத்தை' என்று எழுதுங்கள். படிக்கும்போது 'பாக்கியத்தை' என்றே தெரியும், இணைப்பு பாக்கியத்தின் பக்கத்துக்குப் போகும்.

நோஷன் என்ற இன்னொரு குறிப்புக் கருவி பற்றிப் பலர் கேட்பார்கள். திறமையான கருவிதான். ஆனால் புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. பக்கத்தை அலங்கரிக்கவே அதில் அவ்வளவு வசதிகள் இருக்கின்றன, வாரக்கணக்கில் அதிலேயே போய்விடும். ஸ்கிரிவ்னர் நாவலாசிரியர்களுக்கென்றே செய்தது. அட்டை, கைப்பிரதி, குறிப்பு எல்லாம் ஒரே ஜன்னலில் இருக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆண்ட்ராய்டில் கிடையாது. 30 நாள் இலவசமாகப் பார்க்கலாம், திறந்த நாட்கள் மட்டுமே கணக்கில் சேரும். முதல் நாவலை முடித்தபிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

பெயரை மாற்றும்போது கவனம்

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. பாதி நாவலில் 'முருகன்' என்ற பெயர் பிடிக்கவில்லை, 'வேலன்' என்று மாற்ற நினைக்கிறீர்கள். கண்ட்ரோல் எச் அழுத்தி 'முருகன்' என்று தேடினால் 'முருகன்' மட்டும்தான் கிடைக்கும். 'முருகனை', 'முருகனுக்கு', 'முருகனோடு' எதிலும் 'ன்' இல்லை, அவை அப்படியே நிற்கும். பிறகு ஒரே பத்தியில் வேலன் வருவார், முருகனுக்குச் சாப்பாடு போடுவார்கள்.

இதற்கு வழி, பெயரின் மாறாத பகுதியை மட்டும் தேடுவது. 'முருக' என்று தேடி 'வேல' என்று மாற்றினால் 'முருகனை' என்பது 'வேலனை' ஆகும், 'முருகனுக்கு' என்பது 'வேலனுக்கு' ஆகும். ஆனால் கதையில் முருகேசன் என்று இன்னொருவர் இருந்தால் சில மென்பொருள்களில் அவர் 'வேலேசன்' ஆகிவிடுவார். கணினி 'கே' என்பதைக் 'க'வும் ஏகாரக் குறியுமாகவே வைத்திருக்கிறது. அதனால் மொத்தமாக மாற்றும் பொத்தானை அழுத்தாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். இன்னொன்று, இந்த மாற்றத்தை இதே வழியில் திருப்ப முடியாது. 'வேல' என்று தேடி 'முருக' என்று போட்டால் 'வேலை' எல்லாம் 'முருகை' ஆகும், 'வேலி' எல்லாம் 'முருகி' ஆகும்.

மகர மெய்யில் முடியும் பெயர்களில் சிக்கல் இன்னும் கொஞ்சம் அதிகம். பாக்கியத்தை 'வள்ளி' ஆக்கினால் 'பாக்கியத்தை' 'வள்ளியை' ஆக வேண்டும், 'பாக்கியத்துக்கு' 'வள்ளிக்கு' ஆக வேண்டும். வேற்றுமை வடிவங்களை ஒரு ஷீட்டில் வரிசையாக எழுதிவைத்து ஒவ்வொன்றாகத்தான் மாற்ற முடியும். 'கனகம்' ஆக்கினால் சுலபம், இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன. 'பாக்கிய' என்பதைக் 'கனக' ஆக்கினால் 'கனகத்தை', 'கனகத்துக்கு' எல்லாம் சரியாக வந்துவிடும். 'பாக்கியசாலி' போன்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரில் உறுதியில்லாதவர்கள், கடைசியில் வைக்க நினைக்கும் பெயர் எந்த எழுத்தில் முடிகிறதோ அதே எழுத்தில் முடியும் தற்காலிகப் பெயரை வைத்துக்கொள்வது நல்லது.

எழுதும் ஃபைல்

நாவலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டாக்ஸ் ஃபைல். முழு நாவலும் ஒரே ஃபைலில் இருந்தால் போனில் திறக்கத் திணறும். காட்சிக்கு ஒரு ஃபைல் என்று பிரித்தால் அறுபது ஃபைல்களுக்கு நடுவே அலைய வேண்டிவரும். பகுதியின் பெயருக்கு ஹெடிங் 1, ஒவ்வொரு காட்சிக்கும் ஹெடிங் 2 வடிவத்தைக் கொடுங்கள். கணினியில் இடப்பக்கம் காட்சிகளின் பட்டியல் தானாக வந்துவிடும், தொட்டால் அங்கே போகலாம். காட்சித் தலைப்பும் டிரெல்லோ அட்டையின் தலைப்பும் ஒன்றாகவே இருக்கட்டும். அச்சுக்குப் போகும்போது அந்தத் தலைப்புகளை நீக்கிக்கொள்ளலாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு தகவல் தெரியவில்லை என்றால் தேடப் போகாதீர்கள். அந்த இடத்தில் இரண்டு எண்குறி போட்டு, வேண்டியதை எழுதிவிட்டு மேலே செல்லுங்கள்: '## அந்த வருடம் மண்டபத்தில் படகுக் கூலி எவ்வளவு?' பகுதி முடிந்ததும் '##' என்று தேடினால் விட்டுவைத்தவை எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். ஒரே நாளில் உட்கார்ந்து தீர்த்துவிடலாம்.

பெரிய மாற்றம் எதையும் செய்வதற்கு முன்னால், பெயர் மாற்றம் உட்பட, ஃபைல் மெனுவில், பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போய் அப்போதைய வடிவத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள். 'பெயர் மாற்றத்துக்கு முன்' என்பது போல. பிறகு எது கெட்டாலும் அங்கே திரும்பலாம். 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று நகல்கள் பெருகுவதும் இதனால் நிற்கும்.

தினமும் இத்தனை சொல் என்று இலக்கு வைப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 'வந்துகொண்டிருந்தான்' என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், 'வந்து கொண்டு இருந்தான்' என்று பிரித்து எழுதினால் மூன்று. ஒரே பக்கம் இரண்டு பேர் கையில் இரண்டு கணக்காகிவிடும். புதியவர்களுக்குக் காட்சிக் கணக்கு பொருத்தமானது. வாரத்துக்கு ஒரு காட்சி முடிந்தால் அட்டையில் ஒரு குறி போடுங்கள். போட்டிக்கு அனுப்பும்போது மட்டும் சொல் எண்ணிக்கையைப் பார்த்தால் போதும்.

நகல்

கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் நாவலுக்குக் கடல் போன்றது. ஆனால் ஜிமெயிலும் போட்டோக்களும் அதே இடத்தைத்தான் பங்குபோடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் எல்லா ஃபைல்களையும் வேர்டு வடிவத்தில் இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டுவையுங்கள். ஷீட்டையும் அப்படியே. கடவுச்சொல் மறந்துபோவது, போன் தொலைவது எல்லாம் யாருக்கும் நடக்கும்.

பதிப்பகத்துக்கு அனுப்புவதற்கு முன்

தமிழ்ப் புத்தகங்களின் பக்க வடிவமைப்பில் சில இடங்களில் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்கள்தான் புழங்குகின்றன. போனிலும் கூகுள் டாக்ஸிலும் நீங்கள் எழுதுவது யூனிகோட் என்ற பொது முறையில். அதை அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது சில உடைப்புகள் வரும். பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அது புரியாத தமிழாகிவிடும். மேற்கோள் குறிகளும் 'ஸ்ரீ' போன்ற எழுத்துகளும் அடிக்கடி மாறிப்போகும். அதனால் எந்த எழுத்துருவில் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். நாவலை வேர்டு ஃபைலாக அனுப்பும்போது, அதே உரையைப் பிடிஎஃப் ஆகவும் சேர்த்து அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். முழுதும் அனுப்புவதற்கு முன், வசனம், எண்கள், மேற்கோள், கிரந்த எழுத்து எல்லாம் வருகிற ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்து மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் சரியாகத் திரும்பி வந்தால் மீதியைத் தைரியமாக அனுப்பலாம். மெய்ப்பு, அதாவது பிழை பார்ப்பதற்கான அச்சுப் படி, வரும்போது 'காலம்' ஷீட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், வருடங்களை முதலில்.